சாகாத தோட்டா

பழைய கௌபாய் ரிவால்வர்களைச் சேகரிக்க ஆசைப்படுகிறவருக்குக் கேரள-தமிழக எல்லையில் இரண்டு கலெக்டர்கள், ஒரு மத்தியச் சட்டம், ஒரு குட்டித் தோட்டா என்று எல்லாமே குறுக்கே நிற்கின்றன.

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்கு நடந்தே போய்விடலாம். மாநிலம் மாறிவிட்டது என்பதைப் பஸ்ஸின் நிறமும் கடைப் பலகையின் எழுத்தும்தான் சொல்லும். இந்தப் பக்கக் கடைக்காரரின் மலையாளத்தில் பாதி தமிழ். அந்தப் பக்கக் கடைக்காரரின் தமிழில் பாதி மலையாளம். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் இரண்டு பக்கமும் ஒரே ருசிதான். பெண் எடுப்பதும் கொடுப்பதும் எல்லை பார்த்து நடப்பதில்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதி நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது; பக்கத்து விளவங்கோடு சென்னை ராஜ்யத்துக்குப் போனது. நிலம் இரண்டு பக்கமும் இருந்த குடும்பங்களுக்கு அன்றிலிருந்து இரண்டு தாலுகா ஆபீஸ், இரண்டு வரி ரசீது. அதற்கும் பழகிவிட்டார்கள்.

ஆனால் நடந்து போகிறவரின் பையில் தாத்தா விட்டுப் போன ரிவால்வர் ஒன்று இருந்தால் கதை வேறு. திருவனந்தபுரம் கலெக்டரின் அதிகாரம் முடிந்து கன்னியாகுமரி கலெக்டரின் அதிகாரம் தொடங்கும் இடம் அது. லைசென்ஸ் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். கேரளத்துக்கு மட்டும் என்றிருந்தால் அடுத்த அடி குற்றம்.

அந்த ரிவால்வர் எப்படிப்பட்டது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கௌபாய் பட ரசிகர்கள் கண்ணை மூடிக்கொண்டு வரையக்கூடிய உருவம் அது: நீண்ட குழல், வளைந்த மரப்பிடி, கட்டை விரலால் பின்னுக்கு இழுக்கும் சுத்தியல், ஒவ்வொன்றாகத் தோட்டாவை நுழைக்கும் உருளை. அளவு மட்டும் சிறியது, .22. என்.சி.சி.யில் இருந்தவர்கள் 'பாயின்ட் டூ டூ' என்று சொல்லும் அதே அளவு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த வகைப் பழைய ரிவால்வர்களைத் தேடித் தேடிச் சேர்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு. நெய்யாற்றின்கரையில் ஒருவர் அந்தக் கூட்டத்தில் சேர நினைத்தால் முடியுமா?

இந்த மண்ணுக்குத் துப்பாக்கி புதிதல்ல. எதிரிகளிடமிருந்து தப்பிய மார்த்தாண்ட வர்மா ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் அம்மச்சிப் பிலாவின் அடிமரம் நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில்தான் இருக்கிறது. 1741இல் அவர் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். சிறைப்பட்ட டிலனாய் பிறகு அவருக்கே படைத்தலைவரானார். தக்கலைக்கு அருகே புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் பட்டறை இயங்கியது அவருடைய மேற்பார்வையில்தான். டிலனாயின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது.

ஆனால் எல்லை மக்களின் நினைவில் துப்பாக்கி என்பது அரசாங்கத்தின் கையில் இருப்பது, எதிர்ப்பக்கம் நிற்பது. 1938 ஆகஸ்ட் 31ஆம் தேதி, பொறுப்பாட்சி கேட்டுத் திரண்ட கூட்டத்தின் மீது நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தாய்த்தமிழகத்தோடு இணையக் கேட்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. தனி மனிதன் இடுப்பில் ரிவால்வரைச் செருகிக்கொண்டு நியாயம் கேட்கும் கதை இங்கே முளைத்ததல்ல, இறக்குமதி.

இறக்குமதியானது சிவகாசி வழியாக! 1972இல் அங்கே பிறந்தது முத்து காமிக்ஸ். 1984இல் லயன் காமிக்ஸ். லயன் கொண்டுவந்த டெக்ஸ் வில்லர் இத்தாலியர்கள் வரைந்த அமெரிக்க வீரன். அவனைத் தமிழ் பேச வைத்தது விருதுநகர் மாவட்டம். அதே சிவகாசியிலிருந்துதான் தகரத் துப்பாக்கிக்கான ரோல் கேப்பும் வந்தது. சிவப்புக் காகிதச் சுருளில் புள்ளி புள்ளியாக மருந்து. சுத்தியல் விழுந்தால் ஒரு 'டப்', கொஞ்சம் புகை, மூக்கில் ஏறும் கந்தக வாடை. 1972இலேயே கர்ணனின் 'கங்கா'வில் ஜெய்சங்கர் குதிரையேறிச் சுட்டுவிட்டார். தெற்கே களியக்காவிளைவரை ஒரு தலைமுறையின் தீபாவளி இந்தக் கனவோடு கழிந்தது.

வேடிக்கை என்னவென்றால், நிஜமான ரிம்ஃபயர் தோட்டாவும் அந்தக் கேப்பின் தூரத்து உறவுக்காரன்தான். இன்றைய பெரிய தோட்டாக்களின் அடிப்பாகத்தில் நடுவே ஒரு சிறு குமிழ் இருக்கும். அதைக் குத்தினால் வெடிக்கும். ரிம்ஃபயரில் அந்தக் குமிழ் கிடையாது. மெல்லிய உலோகக் கூட்டின் விளிம்புக்குள்ளேயே, மோதினால் பற்றும் மருந்து தடவப்பட்டிருக்கும். விளிம்பின் எந்த இடம் நசுங்கினாலும் போதும். விளிம்பு நசுங்க வேண்டும் என்றால் கூடு மெல்லியதாக இருந்தாக வேண்டும். மெல்லிய கூடு அதிக அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே இந்த வகைத் தோட்டா சிறியதாகவே நின்றுவிட்டது. சுட்டு முடித்த கூட்டில் மறுபடி மருந்து அடைக்கவும் வழியில்லை. ஆனால் மலிவு. அந்த மலிவுதான் அதற்குச் சாகாவரம் கொடுத்தது.

1840களில் பிரான்சில் ஃப்ளோபேர் என்பவர் வீட்டுக் கூடத்தில் குறி பார்த்து விளையாடுவதற்கென்று இதன் முன்னோடியைச் செய்தார். 1857இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி, இதை வைத்துச் சுடும் ஏழு குண்டு ரிவால்வர் ஒன்றை விற்பனைக்கு விட்டது. அதன் பெயர் வெறுமனே 'மாடல் 1'. அதற்கு முன்பெல்லாம் ரிவால்வரை நிரப்புவது ஒரு சடங்கு. அறை அறையாக மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை அழுத்தி, பின்னால் தொப்பி மாட்ட வேண்டும். மழை பெய்தால் எல்லாம் வீண். மாடல் 1இல் தோட்டாவை நுழைத்தால் வேலை முடிந்தது. உள்நாட்டுப் போர் வந்ததும் சிப்பாய்கள் சொந்தக் காசில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்கள்.

இந்த வெற்றிக்குள் ஒரு சோகக் கதை. உருளையின் அறைகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை துளைத்து, பின்பக்கமிருந்து தோட்டா போடலாம் என்ற யோசனைக்கு 1855இல் காப்புரிமை வாங்கியவர் ரோலின் ஒயிட். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அவருக்குத் துப்பாக்கிக்கு 25 சென்ட் கொடுத்தது. கூடவே ஒரு நிபந்தனை: யாராவது காப்பியடித்தால் வழக்குப் போடுவது ஒயிட்டின் பொறுப்பு, ஒயிட்டின் செலவு. காப்பியடித்தவர்களுக்குக் குறைவில்லை. ஒயிட்டின் வருமானத்தில் பெரும்பகுதி வக்கீல்களுக்குப் போனது. 1869இல் காப்புரிமை காலாவதியானது. நிவாரணமாக அதை நீட்டிக்க நாடாளுமன்றம் மசோதா நிறைவேற்றியது; 1870 ஜனவரியில் ஜனாதிபதி கிரான்ட் அதை நிராகரித்தார். போர்க்காலத்தில் ராணுவத்துக்கு நல்ல ரிவால்வர் கிடைக்காமல் செய்தது இந்தக் காப்புரிமைதான் என்பது ராணுவ அதிகாரிகளின் கோபம்.

காப்புரிமை ஒழிந்ததும் கோல்ட் உள்ளிட்ட கம்பெனிகள் களத்தில் குதித்தன. சினிமாவில் எல்லோரும் பார்த்த ரிவால்வர் 1873இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி. அது .45, நடுவில் குத்தும் ரகம். அதிலேயே .44 அளவில் ரிம்ஃபயர் ரகமும் செய்தார்கள், மொத்தம் இரண்டாயிரத்துக்கும் குறைவாக. உண்மையான ஒன்று இன்று ஏலத்துக்கு வந்தால் சாதாரண சேகரிப்பாளர் தூர நின்று பார்க்க வேண்டியதுதான்.

சாதாரணர்களின் வேட்டைக்களம் வேறு. 1940 வாக்கில் கோல்ட் இந்தப் பழைய மாடலை நிறுத்திவிட்டது. யாருக்கு வேண்டும் இந்தத் தாத்தா துப்பாக்கி என்ற எண்ணம். பிறகு டெலிவிஷன் வந்தது. வீட்டுக்கு வீடு கௌபாய் தொடர். 1953இல் ரூகர் என்ற புதிய கம்பெனி அதே பழைய உருவத்தில், .22 ரிம்ஃபயர் தோட்டாவுக்கு 'சிங்கிள் சிக்ஸ்' என்ற ரிவால்வரை விட்டது. வாங்கவும் மலிவு, சுடவும் மலிவு. கோல்ட் விழித்துக்கொண்டு 1956இல் தாத்தாவை மறுபடி அழைத்து வந்தது. மறு வருஷமே 'ஃப்ரன்டியர் ஸ்கௌட்' என்ற.22 பேரனையும் இறக்கியது. மேற்கு ஜெர்மனிப் பட்டறைகளும் கௌபாய் ரிவால்வர் செய்து கப்பலில் அனுப்பின. 1968இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம் மலிவு இறக்குமதிகளுக்குக் கடிவாளம் போட்டது.

இன்று பழம்பொருளாகச் சேர்க்கப்படுபவற்றில் பெரும்பகுதி இந்தப் பேரன்கள்தான். சேகரிப்பாளரின் கண் எங்கெங்கோ போகும். பிடிக்குக் கீழே உள்ள எண், அசல் அட்டைப்பெட்டி, பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதம், கூடவே வந்த இரண்டாவது உருளை. சட்டம் எஃகா, துத்தநாகக் கலவையா என்பது முக்கியம்; கலவை விரிசல் விடும். தோட்டா இல்லாமல் சும்மா சும்மா விசையை இழுத்து விளையாடிய துப்பாக்கியில் ஊசி அறையின் விளிம்பிலேயே அடித்துப் பள்ளம் விழுந்திருக்கும். அதைப் பார்த்ததும் விலை இறங்கும்.

ஒரு விசித்திரமும் உண்டு. பழைய சிங்கிள் சிக்ஸில் சுத்தியல் தோட்டாவின் மேலேயே படுத்திருக்கும். கீழே விழுந்தால் வெடிக்கலாம். ஆறு அறையில் ஐந்தை மட்டும் நிரப்பு, சுத்தியலுக்கு நேரே இருப்பதைக் காலியாக விடு என்பது பழைய கைகளின் பாடம். பாடம் தெரியாதவர்கள் காலில் சுட்டுக்கொண்டார்கள். 1973இல் ரூகர் பாதுகாப்பான புதிய அமைப்பைப் புகுத்தியது. பிறகு பழைய துப்பாக்கிகளையும் இலவசமாகவே மாற்றித் தருவதாக அறிவித்தது. சேகரிப்பாளர்கள் விரும்புவதோ மாற்றப்படாத துப்பாக்கியை! ஆபத்தானதுதான் அசல்.

இனி நெய்யாற்றின்கரைக்கு வரலாம். முதல் தடை எண்ணிக்கை. 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டத்தில் ஒருவர் இத்தனைதான் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு இல்லை. 1983இல் மூன்று என்றார்கள். 2019 டிசம்பரில் இரண்டு என்று குறைத்தார்கள். பரம்பரையாக வந்ததும் இந்தக் கணக்கில் அடக்கம். இரண்டு துப்பாக்கி வைத்திருப்பவரைச் சேகரிப்பாளர் என்று யாராவது சொல்வார்களா? சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப் உறுப்பினர் குறி பார்க்கும் பயிற்சிக்குப் பயன்படுத்தும் .22 ரைஃபிளுக்கு இந்த வரம்பு பொருந்தாது. ரைஃபிளுக்குத்தான், ரிவால்வருக்கு அல்ல. தோட்டா ஒன்றே, சலுகை வேறு.

அடுத்தது காரணம். லைசென்ஸ் கேட்பவர் ஏன் வேண்டும் என்று சொல்ல வேண்டும். தற்காப்பு, பயிர்ப் பாதுகாப்பு, விளையாட்டு ஆகியவை அதிகாரிகளுக்குப் புரியும் காரணங்கள். மலையடிவாரமான வெள்ளறடை, அம்பூரிப் பக்கத்து மரச்சீனி விவசாயி பன்றித் தொல்லை என்று சொன்னால் ஆபீசில் தலையாட்டுவார்கள். 2022 முதல் கேரளத்தில் ஊருக்குள் வரும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே கிடைத்திருக்கிறது. ஆனால் அதற்கு வேண்டியது இரட்டைக்குழல் போன்ற நீண்ட துப்பாக்கி. "டெக்ஸ் வில்லர் பிடிக்கும்" என்பதைக் காரணமாக எழுத விண்ணப்பத்தில் கட்டம் கிடையாது. சேகரிக்கிறவரையும் ஆங்கிலத்தில் கலெக்டர் என்பார்கள். ஒரு கலெக்டரின் ஆசை இன்னொரு கலெக்டரின் மேஜையில் போய் நின்றுவிடும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா? தனி நபர் இறக்குமதிக்கு 1980களின் நடுவிலேயே கதவு சாத்தியாகிவிட்டது. ஆகவே அதற்கு முன் நாட்டுக்குள் வந்தவைதான் கைமாறிக்கொண்டிருக்கின்றன, அமெரிக்க விலையைக் கேட்டால் சிரிப்பு வரும் அளவுக்கு ஏறிய விலையில். ஹாலிவுட்டின் அசல் .45 வேண்டும் என்றால் இன்னும் கடினம். போலீஸ், ராணுவத் தோட்டாக்களுக்குப் பொருந்தும் அளவுகள் 'தடை செய்யப்பட்ட' வகை. அதற்கு மத்திய அரசே மனம் வைக்க வேண்டும். .22 அந்தப் பட்டியலில் இல்லை என்பது மட்டும் ஆறுதல்.

சட்டத்தில் பழம்பொருளுக்கு ஒரு சன்னல் உண்டு. 45ஆம் பிரிவு, வழக்கொழிந்த அமைப்பு உள்ளதும் தொன்மை மதிப்பு உள்ளதும் பழுதானதுமான ஆயுதங்களைச் சட்டத்திலிருந்தே விலக்குகிறது. நிம்மதி என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த வரி: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் 1857இன் அந்தக் குட்டித் தோட்டா காலை வாருகிறது. மாடல் 1க்காகப் பிறந்த .22 ஷார்ட் இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. 1887இல் வந்த அதன் நீண்ட தம்பிதான் உலகத் துப்பாக்கி சுடும் போட்டிகளின் அன்றாடச் சோறு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்றதும், 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றதும் .22 ரிம்ஃபயரில்தான். 2015 தேசிய விளையாட்டுக்காகத் திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் கட்டிய சுடுதளத்தில் முழங்குவதும் இதுவே. பெரிய ரிம்ஃபயர் தோட்டாக்கள் செத்துப்போய்விட்டன. அவற்றுக்கான துப்பாக்கிகள் சாதுவாகிவிட்டன. .22 சாகவில்லை. ஆகவே நூறு வயதான .22 ரிவால்வரும் சட்டத்தின் கண்ணில் இளைஞன்தான்.

இது இந்தியாவின் பிடிவாதம் மட்டுமல்ல. பிரிட்டனில் பழங்காலத் துப்பாக்கிக்கு விலக்குத் தருவதற்கு வழக்கொழிந்த தோட்டாக்களின் பட்டியல் வைத்திருக்கிறார்கள். பெரிய ரிம்ஃபயர்களுக்கு அதில் இடம் உண்டு; .22க்கு இல்லை. அமெரிக்காவில் மட்டும் நாட்காட்டியே தீர்ப்பு: 1898 முடிவதற்குள் செய்யப்பட்டதா, மத்தியச் சட்டத்தின்படி அது பழம்பொருள்.

2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் விதிகளைத் திருத்திச் சன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தது. 'கியூரியோ' வகையில் சேரும் சிறு ஆயுதங்களை வாங்கவும் வைத்திருக்கவும் இந்தியக் குடிமகனுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் சுட வேண்டுமென்றாலும், எடுத்துப் போக வேண்டுமென்றாலும், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்ப வேண்டுமென்றாலும் லைசென்ஸ் வேண்டும். அலமாரியில் இருந்தால் அலங்காரம். வாசலைத் தாண்டினால் ஆயுதம். பாறசாலை அண்ணன் வீட்டிலிருந்து களியக்காவிளைத் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோவதும் வாசலைத் தாண்டுவதுதான். எது கியூரியோ என்று வீட்டுக்காரர் தானாகவே முடிவு கட்டிக்கொள்வதும் புத்திசாலித்தனமல்ல.

அந்த விதி வருவதற்கு ஒரு மாதம் முன்புதான், 2020 ஜனவரி 8ஆம் தேதி இரவு, களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் காவலுக்கு இருந்த தமிழகச் சிறப்பு உதவி ஆய்வாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்குப் போனது. சாவடியின் இரு பக்கத்துக் கிராமங்களிலும் 'தோக்கு' என்ற சொல் அந்த இரவுக்குப் பிறகு விளையாட்டுச் சொல்லாக இல்லை. அமரவிளையிலோ பனச்சமூட்டிலோ பையைத் திறந்து பார்க்கும் போலீஸ்காரரிடம் "இது பழம்பொருள் சார்" என்று தொடங்குவது எவ்வளவு தூரம் எடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை இரண்டிலிருந்து ஐந்து வருஷம்.

ஆசைப்பட்டு வாங்குகிறவரை விடுங்கள், அவராவது விசாரித்துவிட்டு இறங்குவார். உண்மையில் மாட்டிக்கொள்பவர் எதையும் சேகரிக்காதவர்தான். தோட்டம் வைத்திருந்தவர், வனத்துறையில் இருந்தவர், பட்டாளத்திலிருந்து திரும்பியவர் என்று யாரோ ஒரு மூதாதையின் டிரங்குப் பெட்டி, பாகப் பிரிவினைக்காகத் திறக்கப்படுகிறது. பத்திரங்களுக்கும் சேலைக்கும் அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பொருள். லைசென்ஸ் புத்தகம் செல்லரித்திருக்கும், அல்லது தாத்தாவோடு போயிருக்கும். பயந்துபோய் நெய்யாற்றில் எறிந்துவிடலாம் என்று தோன்றும். பையன்களுக்கோ கையில் எடுத்து டெக்ஸ் வில்லர் மாதிரிச் சுழற்றிப் பார்க்கத் தோன்றும். இரண்டாவது யோசனைதான் அதிக ஆபத்து; பழைய ரிவால்வர் எதிலும் தோட்டா இருப்பதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும், அதுவும் சுத்தியல் தோட்டாவின் மேல் படுத்திருக்கும் ரகமாக இருந்தால்.

சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. லைசென்ஸ்காரர் இறந்ததும் ஆயுதத்தைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். 2016 விதிகளின்படி, உயிரோடிருக்கும்போதே கூட 70 வயதானவரோ 25 வருஷம் துப்பாக்கி வைத்திருந்தவரோ வாரிசுக்கு மாற்றித் தர விண்ணப்பிக்கலாம். தாத்தாவின் ஆயுதம் தேசியத் தரவுத் தொகுப்பில் எண் பெற்றிருந்தால் வேலை சுலபம். அப்படி ஒன்றும் இல்லாமல் பெட்டியில் தூங்கியது என்றால் வக்கீலைப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போவது உத்தமம். அங்கேயும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போகாமல், முதலில் தகவல் சொல்லி, அவர்களே வந்து எடுத்துக்கொள்ளச் சொல்வது இன்னும் உத்தமம்.

பெட்டி பாறசாலையில் இருந்தால் பாறசாலை ஸ்டேஷன். களியக்காவிளையில் இருந்தால் களியக்காவிளை ஸ்டேஷன். ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அது மலையாளத்தில் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் படித்துச் சொல்லுவார்.